ஒரு முழம் பிலிம்

அந்த டீச்சரை முதல் ஒரு வருஷம் எனக்குக் கண்ணில் கண்டாலே ஆகாது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுதினால் அது பொய். பொய் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ஆகவே முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். முப்பது வயசு, மூக்கு மேல் கோபம். அங்கே வாரத்துக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அச்சாகும். நாலே பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்தைக் கட்டி முடித்துவிட்டால் சனிக்கிழமை காலையில் மெஷினில் ஏற்றலாம். மூன்றாம் பக்கம் டீச்சருடையது. ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர்கள், தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள், ரோட்டுக்குக் கல் உடைக்கிறவர்கள் என்று வாரத்துக்கு ஒருவரைப் பற்றி எழுதுவார். கீழே தன் பெயரைப் போட மாட்டார்.

அதுவரைக்கும் சரிதான். எழுதியதை நான் ஈய எழுத்தில் கோர்த்து, ஒரு புரூஃப் எடுத்துக் கொடுப்பேன். வேறு யாராக இருந்தாலும் பிழை திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். டீச்சர் மை காயாத காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரயிலேறுவார். கிள்ளானோ, அம்பாங்கோ, பத்துமலைப் பக்கமோ, யாரைப் பற்றி எழுதினாரோ அந்த ஆளைத் தேடிப் போவார். பெரும்பாலும் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக் காட்டுவார். முடித்ததும் சொல்வார்:

"இதுல ஒரு வரிய வெட்டலாம். எந்த வரி வேணாம்னு சொல்லுங்க. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

கேட்க மாட்டார்தான். பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுவார். மாட்டிக்கொள்வது நான். ஒரு வரி போனால் பத்தி குட்டையாகிவிடும், பக்கத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க சோப்பு விளம்பரம், தலைவலித் தைல விளம்பரம், ஒன்றும் இல்லையென்றால் பூப்போட்ட ஒரு கட்டை என்று எதையாவது திணிக்க வேண்டும். கருமம், அந்த ஜனங்களும் பார்த்துப் பார்த்து நல்ல வரியாகத்தான் வெட்டுவார்கள்.

ரயில்வேயில் வண்டிப் பெட்டிகளைக் கோர்க்கும்போது வலது கை நசுங்கிப்போன ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். "கும்பிடக் கையைத் தூக்கியவர், பாதியில் இறக்கிக்கொண்டார்" என்று ஒரு வரி. அதைக் கோர்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் அதைத்தான் வெட்டச் சொன்னார்.

"டீச்சர், எந்த ஊர்லயாவது இந்தக் கூத்து உண்டா? எழுதினோமா போட்டோமான்னு இருக்க வேணாமா? அந்த ஒரு வரிக்குத்தானே கட்டுரையே?"

"அவங்களுக்குக் காட்டிட்டுத்தான் ஊருக்குக் காட்டணும், அச்சுக்காரரே."

என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் 'அச்சுக்காரரே'தான். எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண்ணையும் அப்படித்தான், தெருவில் பின்னால் ஓடி வருகிற பையனையும் அப்படித்தான். ஒருமுறை அச்சகத்துப் பூனையைக்கூட "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, பூனையும் நகரவில்லை.

ஆள் உயரம். வெள்ளைப் புடவை, கான்வாஸ் ஷூ, ஆம்பிளைக் குடை. கையில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் சாக்பீஸ் டப்பா, புரூஃப் காகிதம், ஒரு சின்னக் கத்தரிக்கோல், பின்னாளில் துணியில் சுற்றிய சினிமா காமிராவும். ரயில்வே கார்டு ஒருவரின் மகள், மெதடிஸ்ட் சபைக்காரர். காலையில் பெண்கள் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்கு மேல் பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காமிரா. மூன்று வேலைக்கும் அந்த ஒரே கூடைதான்.

ஒருநாள் புரூஃப் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி எழுதி, எழுந்து வாசிக்க வேண்டும். ஒருத்தி வாசித்தாள். கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து, "எங்க வீட்ல ராத்திரி அடுப்பு எரியாதுங்கிற வரிய வெட்டிடு" என்றாள். எழுதியவள், "ஏன்? நெசந்தானே?" என்று கேட்டுவிட்டாள். டீச்சர் மேஜையைத் தட்டினார். "நெசந்தாங்க. அதனாலதான் வெட்டுற உரிமை அவங்களுக்கு இருக்கு. ஏன்னு கேக்கக் கூடாது." நான் வராந்தாவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். அச்சகத்தில் படுகிற பாடு போதாதென்று இப்படி முப்பது பேரை வேறு தயார் பண்ணுகிறாரே என்றிருந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒருமுறை சொன்னார், அதுவும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று குடையைத் தேடிக்கொண்டே. அவர் சிறு பெண்ணாக இருந்தபோது யாரோ வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் அவருடைய அம்மாவைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். சில வருஷம் கழித்து அந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தது. படத்துக்குக் கீழே, 'பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட பெண்' என்று போட்டிருந்தது.

"எங்கம்மா ஒருநாளும் பட்டினி கெடந்ததில்ல. ரயில்வே சம்பளம் வந்த வீடு. அன்னைக்கு அவங்க கட்டியிருந்தது கல்யாணப் புடவை. அதுக்கப்புறம் அந்தப் புடவைய அவங்க தொடவே இல்ல."

குடை கிடைத்துவிட்டது, போய்விட்டார். அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அஞ்சலை என்று ஒருத்தி, பால்மரம் வெட்டுகிறவள், இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு லயம் என்கிற கூலிகளின் வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். டீச்சர் அவளைப் பற்றி எழுதினார். "இவளுடைய புருஷன் இவளைக் கைவிட்டு ஓடி இரண்டு வருஷமாகிறது" என்று அதில் ஒரு வரி. அஞ்சலை அதை வெட்டச் சொன்னாள். டீச்சர் கோடு போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஓடினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். சோப்பு விளம்பரம் வேறு பக்கத்துக்குப் போய்விட்டது. பூக்கட்டை உடைந்து கிடந்தது. என் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வரிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த வரியை அப்படியே விட்டுப் பக்கத்தைக் கட்டிவிட்டேன்.

புருஷன் அம்பாங்கில் ஈயச் சுரங்கத்தில் சம்பாதிக்கிறான், கையில் காசு சேர்ந்ததும் வந்துவிடுவான் என்று அஞ்சலை லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பேச்சு ஒரு கதவு மாதிரி. காலையில் ஆள் எண்ணுவதற்காக எல்லோரையும் நிறுத்துவார்களே, பெரட்டு, அங்கே தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி பத்திரிகையைப் பிரித்து அந்த வரியைச் சத்தமாக வாசித்திருக்கிறான். அதற்குப் பிறகு அவள் வாசலில் எவனெவனோ வந்து நிற்க ஆரம்பித்தான்.

டீச்சர் அச்சகத்துக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு லீவு போடுங்க, அச்சுக்காரரே. கிள்ளான் போகணும்" என்றார். அவ்வளவுதான்.

லயத்து வாசலில் நின்று, "தப்பு என்னுதும்மா. டீச்சர் வெட்டிக் குடுத்தாங்க. நான்தான் விட்டுட்டேன்" என்றேன். அஞ்சலை என்னைப் பார்க்கவே இல்லை.

"டீச்சரம்மா வரட்டும் போகட்டும். இந்த அண்ணன் இனிமே இங்க வர வேணாம்."

திரும்பி வரும்போது ரயிலில் என் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அவர் போடுகிற கோட்டை நான் மதித்தேன். பிடித்துப்போய் மதித்தேன் என்று சொல்ல மாட்டேன், பயந்து மதித்தேன்.

மூன்று வருஷம் போயிற்று. அதற்குள் டீச்சரிடம் காமிரா வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு லேடி டாக்டர், கையால் சுற்றிப் படம் காட்டுகிற ஒரு மெஷினோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. சாவி கொடுத்தால் கரகரவென்று ஓடும். அந்தப் பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. எடுத்த சுருளையே கப்பலில் அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும், அதுவேதான் படம். இரண்டாவது பிரதி என்ற பேச்சே இல்லை.

அஞ்சலை இருந்த தோட்டத்தில் குடிதண்ணீர் கிடையாது. லயத்துக்குக் கீழே ஒரு கால்வாய் போகும். மேல்பக்கம் மாட்டுக் கொட்டகை, கக்கூஸ் எல்லாம் அதில்தான் வடியும். அந்தத் தண்ணீரைத்தான் ஜனங்கள் குடித்தார்கள். வயிற்றால் போய்ப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. தோட்டத்துத் துரையைக் கேட்டால், கிணறு இருக்கிறது என்பார். கிணறு இருந்தது, வற்றிப்போய். டீச்சர் எழுதினார், மனு போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. எழுத்தை நம்பாதவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கால்வாயைப் படம் பிடித்தார். தோட்டங்களைப் பார்வையிடுகிற சர்க்கார் அதிகாரி ஒருவர், படம் வந்ததும் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

சுருள் கப்பலில் போய்த் திரும்பி வர மூன்று மாதம். அதற்குள் அஞ்சலையின் மகள் செல்லம் போய்விட்டாள். மூன்றே நாள் வயிற்றுப்போக்கு. வயது ஐந்து.

படம் வந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "அஞ்சலைக்கு மொதல்ல காட்டணும். மெஷின நீங்கதான் சுத்தணும்."

"என்னை வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, டீச்சர்."

"தெரியும். வேற ஆள் இல்ல."

தோட்டத்துக்குள் விட மாட்டார்கள். ரோட்டோரக் கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில், ஒரு மளிகைக்கடையின் கிடங்கைக் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்கெல்லாம் கோணிச்சாக்கு, திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. விளக்குக்கு ஒரு லோரி பேட்டரி. அஞ்சலை, பக்கத்து வீட்டுக் காளியம்மாவோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இவரும் வந்திருக்காரா?"

"இவர் சுத்தினாத்தான் படம் ஓடுங்க" என்றார் டீச்சர்.

சுற்றினேன். வெள்ளை வேட்டியில் லயம் வந்தது, குடத்தோடு பெண்கள் வந்தார்கள், கால்வாய் வந்தது. கரையில் ஒரு சின்னப் பெண் குந்தினாள். கொட்டாங்குச்சியால் மொண்டு குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயோ, செல்லம்! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

நிறுத்த முடியாது. நிறுத்தினால் விளக்குச் சூட்டில் அந்த இடம் பொசுங்கிவிடும். "நிறுத்தக் கூடாதும்மா, எரிஞ்சு போயிரும். திரும்பக் காட்டறேன்" என்று கத்தினேன். சுருளைப் பின்னால் சுற்றித் திரும்பக் காட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடி காட்டினேன். ஏழு தடவை செல்லம் குந்தினாள், குடித்தாள், சிரித்தாள். காளியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

கோணியை விலக்கி வெளிச்சம் வந்ததும் டீச்சர் அஞ்சலைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு மட்டும் கேட்காதீர்கள், டீச்சர், தயவு செய்து கேட்காதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இதுல ஒரு துண்ட வெட்டலாம், அஞ்சல. எதுன்னு சொல்லுங்க."

"எம்புள்ளையக் குடுங்க" என்றாள் அஞ்சலை. "அந்தத் தண்ணிய அது குடிக்கிறத ஊரே வேடிக்க பாக்கணுமா? எங்கிட்டயே இருக்கட்டும், டீச்சரம்மா."

"டீச்சர், வேற பிரதி கெடையாது. குடிக்கறது இந்த ஒரு எடத்துலதான் இருக்கு" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் கோபத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அவங்ககிட்டக் காரணம் கேக்கக் கூடாது. நாம காரணம் சொல்லி மனசக் கரைக்கவும் கூடாது."

கூடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு முழம் இருக்கும், வெட்டினார். திரையில் அது நாலு விநாடி. பழைய புரூஃப் காகிதத்தில் மடித்து அஞ்சலையிடம் கொடுத்தார். மீதியைப் பசை போட்டு ஒட்டினார்.

அதிகாரி அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்து படம் பார்த்தார். தமிழ் ஓரளவு பேசுவார், நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தார். முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"தண்ணி எடுக்கறது தெரியுது. குடிக்கறது தெரியல. குளிக்க, துவைக்க எடுத்துட்டுப் போறாங்கன்னு தோட்டத்து மேனேஜர் சொல்றார். நான் என்ன எழுத முடியும்?"

டீச்சர் 'சரிங்க' என்று சொல்லிவிட்டுச் சுருளை டப்பாவில் வைத்தார்.

இரண்டு வாரத்தில் காளியம்மாவின் மகன் இறந்துபோனான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கே போய்விட்டேன். "இந்தப் புள்ளைக்கு யாரு பொறுப்பு, டீச்சர்? ஒங்க சட்டத்த நீங்களே கும்பிட்டுக்கிட்டு இருந்தா, அதுக்கு யாரு பொறுப்பு?"

அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. "நான்தான்" என்றார்.

அவர் எதிர்த்துப் பேசுவார், நாலு கேள்வி கேட்டு மடக்கலாம் என்று போனவன் நான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன். அவர் அன்றைக்கே காளியம்மாவிடம் போயிருக்கிறார். படத்தில் என்ன இருந்தது, எதை வெட்டினார், அதிகாரி என்ன சொன்னார் என்று, யார் கேட்டு வெட்டினார் என்பதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார். காளியம்மா கிடங்கில் கூட இருந்தவள்தானே, அவளுக்குத் தெரியாதா? கதவைச் சாத்திவிட்டாள். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை டீச்சர் அந்த வாசலில் போய் நின்றுவிட்டு வருவார். அந்தக் கதவு திறந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நான் டீச்சருக்குத் தெரியாமல் கிள்ளானுக்குப் போனேன். அஞ்சலையிடம் எல்லாவற்றையும் கொட்டி, அந்த ஒரு முழத்தைப் பிடுங்கிக்கொண்டாவது வந்துவிடுவது என்றுதான் போனேன். அவள் லயத்துக்குப் பின்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் துண்டைச் சூரியனுக்கு நேரே பிடித்து, கட்டை விரலால் துடைத்துத் துடைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தேன்.

அவளே கூப்பிட்டாள். "அண்ணே. படத்தப் பாத்துட்டு அந்த சர்க்கார் துரை என்ன சொன்னாரு?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "தண்ணி எடுக்கறது தெரியுது, குடிக்கறது தெரியலன்னாரு." அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டது கிடையாது.

சனிக்கிழமை அஞ்சலை ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டாள். டீச்சர் அச்சகத்தில்தான் இருந்தார். சுருக்குப்பையைத் திறந்து அந்தத் துண்டை மேஜையில் வைத்தாள்.

"இத ஒட்டிருங்க, டீச்சரம்மா."

"யாராவது ஒங்ககிட்ட வந்து ஏதாவது சொன்னாங்களா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேட்டேன், பதில் வந்திச்சு. யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல."

டீச்சர் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"முகம் போயிருச்சே, அஞ்சல."

நானும் பார்த்தேன். கை இருந்தது, கொட்டாங்குச்சி இருந்தது, வாய்க்குப் போகிற தண்ணீர் பளிச்சென்று இருந்தது. முகம் இருந்த இடம் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் தேய்ந்து வெளுத்துக் கிடந்தது. பாழாய்ப்போன வேர்வைக் கை, தினமும் தடவியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியுது" என்றாள் அஞ்சலை. "மத்தவங்களுக்கு முகம் எதுக்கு? குடிக்கறது தெரிஞ்சாப் போதும்ல?"

டீச்சர் அழுதார். மறைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அழுதார். அஞ்சலைதான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒட்டி, அதிகாரிக்கு மறுபடி காட்டினோம். இந்தத் தடவை அஞ்சலையும் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த நாலு விநாடி வந்தபோது அதிகாரி கேட்டார், "முகத்துக்கு என்ன ஆச்சு?"

"அவங்க அம்மாவோட விரல் பட்டது" என்றார் டீச்சர்.

அதிகாரி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்துக்குக் குழாய் வர ஆறு மாதமானது. வந்தது.

படம் காட்டிய அன்றைக்கே, அதிகாரியின் கார் தெருவைத் தாண்டுவதற்கு முன்னால், டீச்சர் அந்த ஒரு முழத்தை மறுபடி வெட்டி அஞ்சலையிடம் கொடுத்துவிட்டார். "ஊருக்குக் காட்டியாச்சு. இனிமே இது ஒங்க பொருள்."

அவர் செய்தது சரியா, தப்பா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதலிலேயே அந்தத் துண்டை விட்டுவைத்திருந்தால் காளியம்மாவின் மகன் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். குழாய் வர எப்படியும் மாதங்கள் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை நான் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். டீச்சர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. "நான்தான்" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. யுத்தம் வருவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் கூடையைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு இப்போது எழுபது வயசு. இதை எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கியிருந்தது. போன வாரம் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். அஞ்சலை தன் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை மெதுவாக வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒருமுறை எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து அந்த ஒரு முழத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது அதில் ஒன்றுமே இல்லை. முழுக்க வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று சரியாகப் பிடித்துக்கொள்கிறாள்.

வாசித்து முடித்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டேன்:

"இதுல ஒரு வரிய வெட்டலாம், அஞ்சல. எதுன்னு சொல்லு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

புருஷன் ஓடிப்போன அந்த வரியைத்தான் சொல்வாள் என்று பென்சிலைத் தயாராக வைத்திருந்தேன். அதை வெட்டுவதற்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

"எம்புருஷன் ஓடிப்போனது இருக்கட்டும், அண்ணே. நடந்ததுதானே" என்றாள். "மேல, மொத வரியில டீச்சரம்மா பேரப் போட்டிருக்கீங்கள்ல, அத வெட்டிருங்க. அவங்க ஒருநாளும் போட்டுக்கிட்டதில்ல. இப்ப வந்து வெட்டச் சொல்ல அவங்க இல்லைல்ல."

நான் ஏன் என்று கேட்கவில்லை. அங்கேயே கோடு இழுத்துவிட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும்போது கம்போஸிங் பையனிடம் சொல்லிவிட்டேன், பெயர் போன இடம் பக்கத்தில் குட்டையாகத் தெரிந்தால் தெரியட்டும், சோப்பு விளம்பரம் எதையும் கொண்டுவந்து அடைக்காதே என்று.